எஃகனின் இடது கை

'வான்முனை' தொடரில் எஃகன் சாகும் பகுதியைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர்தான் இருந்திருப்போம். ஒன்று நான். இன்னொன்று என் அம்மா. எஃகன் என்ற இயந்திர மனிதனுக்குள் இருந்தது என் அப்பா.

அந்தப் பகுதி ஒளிபரப்பான அன்று அம்மா ஆஸ்பத்திரி வார்டில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். அதன்பிறகு எத்தனையோ முறை மறுஒளிபரப்பு செய்தார்கள். ஆரம்ப இசை கேட்டாலே அம்மா எழுந்து பெட்டியை அணைத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி, மெதுவாக முட்டி மடங்கி விழுவார்கள். எஃகன் விடைபெறுவது அப்படித்தானாம். எனக்கு மட்டும் விழத் தெரியாது. "ஒங்கப்பாதான எஃகன், ஒனக்கே தெரியலயா?" என்று சிரிப்பார்கள். இன்றைக்கும் பனியன்களில் அந்தக் கை இருக்கிறது. டீக்குடிக்கும் குவளையில் இருக்கிறது.

நான் பிளாஸ்டிக் நாற்காலி ஆலையில் பிசிறு வெட்டுகிறேன். அச்சிலிருந்து சூடாக வந்து விழும் நாற்காலியின் ஓரத்தில் துருத்தி நிற்கும் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவி எறிவது வேலை. அதுபோக வாரம் ஒருமுறை பத்திரிகை ஒன்றில் பழைய தொலைக்காட்சித் தொடர்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். முன்னே ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியது குப்பை என்று ஒரு கடிதம் போட்டேன். "அப்ப நீங்களே எழுதுங்க மேடம்" என்றார் ஆசிரியர். அன்று பிடித்த வேலை.

இப்போது 'வான்முனை'யின் பழைய நாடாக்களை எடுத்துத் துலக்கி, புதுசாக வெளியிடுகிறார்கள். விழா வைத்திருக்கிறார்கள். பெரிய திரையில் எஃகன் சாகும் பகுதியைப் போட்டுக் காட்டி, அப்பாவை மேடையேற்றி, கையைத் தூக்கச் சொல்லப் போகிறார்கள். தொடரை எடுத்த இயக்குநர்தான் தலைமை. அழைப்பிதழ் வந்த நாளிலிருந்து அப்பா ஒரே சட்டையை மூன்று தடவை தேய்க்கக் கொடுத்துவிட்டார்.

ஆசிரியர் போன் செய்தார். "எஃகன் சாகற பதினோராம் பகுதிக்கு நீங்கதான் எழுதறீங்க. எஃகனோட மகள் எழுதிய விமர்சனம்னு போட்டா பிச்சுக்கிட்டுப் போகும் மேடம். விழாவுக்கு முன்னாடி வந்துரணும்."

ஒப்புக்கொண்டேன். காலை ஷிப்ட் முடிந்து வந்து, அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் அனுப்பியிருந்த பிரதியைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை இதுதான். அவர் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டுடியோ. எஃகனின் உடம்பு உண்மையான தகரம். உள்ளே தோல் வாரும் மரச் சட்டமும். நடிகர்கள் ஒவ்வொருவராக அதை மாட்டிப் பார்த்து, எழுந்திருக்கக்கூட முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் கிடங்கில் இருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்தார்கள். அப்பா அதை மாட்டிக்கொண்டு நடந்தார், படியேறினார், "இதுல இன்னும் ரெண்டு மூட்டை வைக்கலாம்" என்றார். மாட்டினால் உள்ளிருந்து கழற்ற முடியாது. பிடரியில் போல்ட்டு. வெளியே ஸ்பேனரோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். நம்பிக்கையான ஆளாக வேண்டுமென்று அம்மாவின் தம்பியைச் சேர்த்துவிட்டார் அப்பா. அன்றிலிருந்து மாமாவுக்குப் பேரே ஸ்பேனர்.

பதினோராம் பகுதி எடுக்கும்போது கேபிள் தடுக்கி அப்பா விழுந்தார். அத்தனை தகரத்தோடு விழுந்ததில் இடுப்பு உடைந்தது. அவருடைய மூச்சுக்கோளாறுக்குக் காரணம் மூட்டை தூக்கிய காலத்துத் தூசி. இதைச் சொல்வது எப்போதும் மாமாதான். "கேபிளுப்பா. கண்ணுக்கே தெரியல" என்று ஆரம்பிப்பார். அப்பா தலையாட்டுவார்.

பகுதி ஆரம்பித்தது. விமர்சனக்காரியின் கண்ணோடுதான் உட்கார்ந்தேன். நிலவின் பாறைகள் சாக்குத் துணி. துலக்கியதில் அதன் தையல் தெரிகிறது. கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் திருகுகள் கேஸ் அடுப்பின் திருகுகள். கேப்டன் அதில் ஒன்றைத் திருப்பி "வேகத்தை ஒளிக்கு இணையாக்கு" என்கிறார். அவர் டோப்பா ஒரு காட்சியில் இடது பக்கம் வகிடு, அடுத்த காட்சியில் வலது பக்கம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே குறித்தேன். ஆனாலும் கதை இழுத்துக்கொண்டு போகிறது. நிலவில் இருக்கும் தளம் தீப்பிடிக்கிறது. எல்லோரும் கப்பலுக்கு ஓட வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ளும். யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். எஃகன் பிடிக்கிறான். வலது கையில் தீப்பந்தம்போல ஏதோ விளக்கை ஒட்டியிருக்கிறார்கள், அதனால் தோளால் முட்டுக்கொடுக்கிறான். கடைசி ஆள் போனதும் கப்பல் கிளம்புகிறது. எஃகன் திரும்புகிறான். புகை. இடது கை மேலே வருகிறது.

பழைய நாடாவில் அது புகைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு என்பார்கள். அதைத்தான் உள்ளங்கை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். துலக்கிய படத்தில் விரல் தெரிகிறது. தகர விரல்கள் ஐந்தும் மூடின. திறந்தன. மூடின. திறந்தன.



அந்தக் கையை எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். அப்பாவுக்கு மூச்சு முட்டினால் பேச வராது. இடது கையைத் தூக்கி, விரலை மூடித் திறப்பார். அடுப்படியில் இருந்தாலும் அம்மா ஓடி வந்து ஜன்னலைத் திறப்பாள், அலமாரியில் இருக்கும் மூச்சு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து அடிப்பாள். எங்கள் வீட்டில் பேச்சு வருவதற்கு முன்னாலேயே குழந்தைக்குப் புரிந்த சைகை அது.

திரும்ப ஓடவிட்டேன். தரையைப் பார்த்தேன். கேபிள் இல்லை. பெருக்கி விட்டதுபோல் இருந்தது தரை. கை நெடுநேரம் கெஞ்சியது. பிறகு முட்டி மடங்கியது. யாரும் தடுக்கி அப்படி விழுவதில்லை. மூட்டைக்காரன் மயங்கினால் அப்படித்தான் விழுவான். நேராக, உள்ளுக்குள் சரிந்து.

மூன்றாம் முறை ஓடவிட்டபோதுதான் ஓரத்தைப் பார்த்தேன். பழைய பெட்டிகளில் படத்தின் ஓரம் வெளியே தெரியாது, சட்டத்துக்குள் மறைந்துவிடும். இப்போது முழுசாகத் தெரிகிறது. இடது ஓரத்தில், பாறைக்குப் பின்னால், ஒரு ஆள். பாதி உடம்பு. கட்டம் போட்ட சட்டை. சட்டைக்குச் சம்பந்தமே இல்லாத பச்சை நிறத்தில் ஒரு பாக்கெட். கையில் ஸ்பேனர். முகம் சட்டத்துக்கு வெளியே. ஆனால் உடம்பு எஃகனைப் பார்த்துத்தான் நிற்கிறது. எஃகனின் விரல் மூடித் திறந்தபோது அந்த ஆளின் கால் ஒரு அடி முன்னே வந்தது. பிறகு பின்னே போய்விட்டது.

அப்பா வாசலில் உட்கார்ந்து விழாவுக்கான செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பதினொண்ணு பாத்தேம்ப்பா."

"எப்படி விழுந்தேன்? நல்லா விழுந்தேனா?"

"கேபிள் எங்க இருந்துச்சு?"

"புகையில ஒனக்குத் தெரிஞ்சிருக்காது."

"இப்ப தொடச்சி வச்சிருக்காங்கப்பா. தரையெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

துணியைச் செருப்புக்குள் விட்டுத் துடைத்தார். "வேலையத்தவனுங்க. மங்கலா இருந்தத மங்கலாவே விட்டா என்னவாம்?"

"அப்பா. கை."

துணியை உதறித் தோளில் போட்டார். "உள்ள இருந்து கத்துனா எங்காதுதான் கிழியும், வெளிய கேக்காது. அதுக்காக வச்சிக்கிட்டது. வெரல மூடித் தொறந்தா, தொறந்து விடுன்னு அர்த்தம். ஷாட்டுக்கு முன்னாடி ஒங்க மாமன் என் முதுகுல ரெண்டு தட்டு தட்டுவான். நான் இங்கதான் நிக்கறேன்னு அர்த்தம். அவ்வளவுதான் பாஷை."

இரண்டு தட்டு. அதுவும் எனக்குத் தெரியும். மாமா இப்போது சின்ன சரக்கு வேன் ஓட்டுகிறார். வியாழக்கிழமை தோறும் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவர்தான். முன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அந்தப்பக்கம் போய் வண்டியை எடுப்பார். பாசம் என்று நினைத்திருந்தேன்.

"ஓரத்துல மாமா நிக்கறாரு."

"தெரியும். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வச்சிருந்தானுங்கல்ல. அது வழியா அவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவனும் என்னப் பாத்தான்."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"யாருக்கிட்ட? ஒங்கம்மாகிட்டயா? பொறந்த வீடுன்னு அவளுக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன். சொன்னா அன்னிக்கே அத்து விட்டிருப்பா. இடுப்பு ஒடஞ்சு கெடக்கறேன். அவனும் போயிட்டா என்னக் கக்கூசுக்கு யாரு தூக்கிட்டுப் போறது?"

"அப்ப மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிப்பெல்லாம் ஒங்க கேப்டன் பேசற வசனம். எனக்குத் தூக்க ஆளு வேணும், அவன் தூக்கினான். ரொம்ப வருஷம் தூக்கினதுல பழகிப்போச்சு." செருப்பை ஜோடியாக வைத்தார். "எழுதாத."

"விழாவுல பெரிசாப் போடறாங்களேப்பா. அம்மாவும் வர்றா."

"அங்க எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருப்பானுங்க. எவன் ஓரத்தப் பாப்பான்? நீ எழுதினாத்தான் பாப்பான்."

அது நியாயமாகத்தான் பட்டது. எழுதாமல் இருந்துவிடலாம். டோப்பாவின் வகிட்டையும் அடுப்புத் திருகையும் எழுதி, கடைசியில் தியாகம், விடைபெறும் கை என்று முடித்தால் யாருக்கும் குறையில்லை. ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். "எஃகன் கையை உயர்த்தி விடைபெறும்போது" என்று எழுதினதும் பேனா நின்றுவிட்டது. அது விடைபெறும் கை இல்லை என்று தெரிந்த பிறகு அப்படி எழுதினால், பிறகு எந்தத் தொடரைப் பற்றி எதை எழுதி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பிஸ்கட் பொட்டலம், சிரிப்பு. எப்போதும்போல் வாசலிலேயே "எக்கா, எஃகன் எந்திரிச்சிட்டாரா?" என்று சத்தம். ஆனால் உள்ளே வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, பாத்துட்டியாமே. தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு மாமா."

"ஓரமெல்லாம்கூடத் தெரியுதுன்னு சொல்றாங்களே. நெசமாவா?" பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். "சும்மா கேட்டேன். லைட்டு கம்பமெல்லாம் தெரிஞ்சா அசிங்கமா இருக்குமேன்னு."

நான் பதில் சொல்லுமுன் அம்மா துவைத்த துணிக் கூடையோடு வந்து நடுவில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வீட்டிலும் அதே மடிப்புதான்.

"போடு அத" என்றாள்.

"எத?"

"எஃகன. விழாவுல ஊரே பாக்கப் போவுது. அங்க உக்காந்து மொத மொத பாத்து அழுது மானத்த வாங்கறதுக்கு, இங்கயே பாத்துத் தொலைக்கறேன்."

"எதுக்குடி இப்போ?" என்றார் அப்பா.

"நீங்க சட்டைய மூணு தடவ தேய்ப்பீங்க, நான் ஒரு தடவ பாக்கக் கூடாதா? போடுடி."

மாமா எழுந்தார். "எக்கா, வண்டிய நடு ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன்..."

"நடு ரோட்டுல விட்டா ஆரன் அடிப்பான். அடிச்சாப் போ. உக்காரு."

போட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இல்லை, ஒரு வழி இருந்தது. கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். கேப்டனைப் பார்த்து, "இவன் தலையில என்ன, காக்கா கூடா?" என்றாள். மாமா சத்தமாகச் சிரித்தார். தேவைக்கு மேல் சிரித்தார். எஃகன் வந்ததும் அம்மாவின் கை நின்றது. "இதுக்குள்ளயா இருந்தீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். தீப்பிடித்தது. ஓடினார்கள். கதவு. புகை.

கை மேலே வந்தது. விரல் மூடியது, திறந்தது.

அம்மா எழுந்தாள். மடியில் இருந்த துணி கீழே விழுந்ததைக் கவனிக்காமல் அலமாரிக்குப் போனாள், பம்பை எடுத்தாள், குலுக்கினாள், மூடியைக் கழற்றினாள், திரும்பினாள். அப்பா நாற்காலியில் நன்றாக மூச்சுவிட்டபடி உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில் இருந்தன. அம்மா பம்பைப் பிடித்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். அவளுக்கு எதிரே திரையில் அந்தக் கை இன்னும் மூடித் திறந்துகொண்டிருந்தது.

எஃகன் விழுந்தான். இசை வந்தது.

"திரும்பப் போடு" என்றாள்.

இரண்டாம் முறை நின்றுகொண்டே பார்த்தாள். விரல் மூடித் திறந்த இடத்தில் "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். அவள் எஃகனைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு அருகே போய் ஓரத்தில் விரலை வைத்தாள். பச்சை பாக்கெட்டின் மேல்.

"ஸ்பேனரப் போட்டுப் போட்டுப் பாக்கெட்டு கிழிஞ்சி போச்சுன்னு வந்து நின்னே. என் பழைய ரவிக்கைய வெட்டித் தச்சிக் குடுத்தேன்."



"எக்கா" என்றார் மாமா.

"கேபிளு எங்கடா?"

"எக்கா, நான் ஒரு அடி வச்சேன். படத்துல பாரு, கால் முன்னால வருது. இயக்குநர் கையக் காட்டுனாரு. எவனும் அசையாத, பிரமாதமாப் பண்றான், ஓடட்டும்னாரு. பின்னாடி இருந்த உதவி ஆளு என் காலரப் புடிச்சி இழுத்தான். முந்தின வாரந்தான் ஷாட்டுக்குக் குறுக்க போனான்னு ஒருத்தன வெளிய தள்ளுனாங்க. நானும் சரி, மச்சான் நடிக்கறாரு போலன்னு..."

"அவரு என்னிக்குடா நடிச்சாரு? மூட்ட தூக்கறவரு."

பிஸ்கட் பொட்டலம் இன்னும் மாமாவின் கையிலேயே இருந்தது.

"கேபிள் தடுக்குச்சுடி. முடிஞ்சி போன கதைய விடு" என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்க. வாய மூடி மூடித்தான் இத்தன வருஷம் எனக்கு அவன் பொய்யச் சோத்தோட சேத்துப் போட்டீங்க." பம்பின் மூடியைத் தேடினாள், கிடைக்கவில்லை. "போடா. வண்டி நடு ரோட்டுல நிக்குதுன்ன இல்ல. போ."

மாமா போனார். செருப்பு மாட்ட நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா கீழே கிடந்த துணியைப் பொறுக்கி மறுபடியும் முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எழுதப் போறியா?"

"அப்பா வேணாங்கறாரு."

"எழுது. ஆனா எழுதினா முழுசா எழுது. உள்ள போட்டுப் பூட்டச் சொன்னவன், பொகையப் போட்டவன், அசையாதன்னு சொன்னவன், காலரப் புடிச்சவன், அத்தன பேரையும் எழுது. எந்தம்பிய மட்டும் எழுதின, ஒன்ன நான் சும்மா விட மாட்டேன். அவன நான் என்ன பண்ணணுமோ பண்ணிக்கறேன். ஊரு பண்ண வேணாம்."

அப்பா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த தேய்த்த சட்டையை எடுத்துத் துணிப்பெட்டிக்குள் வைத்தார்.

எழுதினேன். டோப்பாவில் ஆரம்பித்தேன், ஏனென்றால் அது நல்ல டோப்பா. பிறகு கதவு. பிறகு கை. அந்த விரல் என்ன சொல்கிறது என்பதை எழுதினேன். எங்கள் வீட்டில் அதைப் பார்த்தால் யார் எழுந்து ஓடுவார்கள் என்று எழுதினேன். ஓரத்தில் ஸ்பேனரோடு நிற்பவர் என் தாய்மாமன் என்று எழுதினேன். அவர் ஒரு அடி வைத்தது, அந்த அடியைத் திரும்ப எடுக்கவைத்தவர் யார், என்ன சொல்லி எடுக்கவைத்தார் என்பதை ஒரு நீளமான பத்தியாக எழுதினேன். விளக்குக்குப் பின்னால், கேமராவுக்குப் பின்னால், ஒரு கூட்டமே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவர்களில் படத்தில் பதிவானவர் ஒருத்தர்தான் என்று முடித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இயக்குநரத் திட்டினது பத்தாது" என்றாள். அனுப்பினேன்.

புதன்கிழமை ஆலையில் பத்திரிகை கைக்குக் கை வந்தது. பொறுக்கிக் கட்டும் பகுதியில் இருக்கும் அக்கா ஒருத்தி, "ஏண்டி, ஒங்க மாமனா இது? சண்டாளன்" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பெரிய படம் போட்டிருந்தார்கள். எஃகனின் கை. ஓரத்தில் இருந்த பாதி ஆளைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். தலைப்பு அவர்கள் வைத்தது: 'பார்த்துக்கொண்டு நின்ற மாமன்'. கீழே என் எழுத்து. கை இருந்தது. மாமா இருந்தார். அவருடைய பச்சைப் பாக்கெட் இருந்தது. நீளமான பத்தி இல்லை. கடைசி வரி இல்லை. வெட்டியது தெரியாமல் வெட்டியிருந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள்.

கழிவறைக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"மேடம், காலையிலேர்ந்து போன் நிக்கல! எல்லாரும் அழறாங்க."

"இயக்குநரைப் பத்தி எழுதினது எங்க சார்?"

"இடம் பத்தல மேடம். அப்புறம், அவர்தான் விழாவுக்குத் தலைமை. ஆதாரம் இல்லாம எப்படிப் போட முடியும்? ஒங்க மாமா படத்துல இருக்காரு, கேட்டா காட்டிரலாம். அவர் படத்துல இல்லையே."

"படம் எடுக்கறவன் எப்படி சார் படத்துல இருப்பான்?"

அவர் சிரித்தார். "சூப்பர் மேடம். இதையே ஒரு கட்டுரையா எழுதுங்க, விழா முடியட்டும், பாக்கலாம்."

அன்று வெட்டிய நாற்காலிகளில் பாதி திரும்பி வந்தன. ஓரம் ஆழமாகச் சீவப்பட்டிருந்தது என்றார் மேஸ்திரி.

வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இருந்திருக்கலாம். யாராவது முன்னாலேயே கொடுத்திருப்பார்கள் என்று தெரியும். கொடுத்திருந்தார்கள். அம்மா அதை அடுப்படியில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து எழுத்தாகத்தான் படிக்க வரும். கடைசிவரை படித்தாள். வெட்டினது அவர்கள் என்று சொன்னேன். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"பிசிறு வெட்டறவதான நீ" என்றாள். "கத்திய அடுத்தவன் கையில குடுத்தா எங்க வெட்டுவான்னு ஒனக்குத் தெரியலயா?"

அதற்குமேல் அன்று என்னோடு பேசவில்லை. மாமாவுக்குப் போன் செய்தாள் என்பது மட்டும் தெரியும். அந்தப் பக்கம் எடுக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அப்பா ஆஸ்பத்திரிச் சீட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். விழா அமைப்பாளர்கள் காலையிலேயே கூப்பிட்டு, நிகழ்ச்சியில் மாற்றம் இல்லை, கையை மட்டும் பழையபடி விரித்துத் தூக்கினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா "பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

"மாமா வர மாட்டாரு. நான் வேற வண்டி பாக்கறேம்ப்பா" என்றேன்.

"வருவான்."

வந்தார். ஹாரன் அடிக்கவில்லை. தெருமுனையில் குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருத்தர் நுரையோடு, "என்ன ஸ்பேனரு, இன்னிக்காவது தொறப்பியா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா வேனின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு வரவில்லை. முகம் சவரம் செய்யாமல் கறுத்துக் கிடந்தது. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே அந்தப் பத்திரிகை மடித்துச் செருகியிருந்தது.

"மாமா, அது நான் எழுதினபடி இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன் பாப்பா. எழுதினதுல பொய் இல்லியே" என்றார், என்னைப் பார்க்காமல்.

அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அப்பா தடியை ஊன்றிப் போனார். மாமா இடுப்பில் கைகொடுத்து, வழக்கம்போல ஒரே தூக்கில் சீட்டில் ஏற்றினார். அப்பா சரிந்து உட்கார்ந்து, முதுகை முன்னே கொடுத்துக் காத்திருந்தார். மாமாவின் கை மேலே வந்தது. பாதியில் நின்றது. பிறகு இறங்கிக் கதவுப் பிடிக்குப் போனது. கதவைச் சாத்தினார்.

அந்தப்பக்கம் சுற்றி வந்து ஏறி, சாவியைப் போட்டார்.

அப்போது அப்பா இடது கையைத் தூக்கினார். விரல் மூடியது. திறந்தது. மூடியது.

மாமா சாவியை விட்டுவிட்டுப் பாய்ந்தார். ஒரு கையால் கண்ணாடியை இறக்கினார், இன்னொரு கையால் அப்பாவின் காலரைப் பிடித்து இழுத்துப் பட்டனைக் கழற்றினார். மேல் பட்டன் அறுந்து தெறித்தது. "எக்கா, பம்பு! எக்கா!" என்று கத்தினார். அம்மா வாசல்படியைத் தாண்டி ஓடினாள். குழாயடியில் நின்றவர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

அப்பா நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மட்டும் கண்ணு தெரியுது" என்றார்.

இத்தனை வருஷத்தில் அதைப்பற்றி அவர் மாமாவிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மா பம்போடு வேனுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். மாமா காலரை விடாமல் பிடித்திருந்தார். பிறகு, அறுந்துபோன பட்டனுக்கு அடுத்ததைப் போடப் பார்த்தார். துளை சிக்கவில்லை. மறுபடி முயன்றார். அப்பா கையைத் தட்டிவிடவும் இல்லை, உதவவும் இல்லை.

"விடு" என்றார் கடைசியில். "வண்டிய எடு. நேரமாச்சு."